ஓர் ஒழுங்கையின் வெள்ளத்தை வடிய வைப்பது எப்படி: திருகோணமலைக்கான முழுமையான வழிகாட்டி

மாரி முடிந்ததும் சபைக் கந்தோருக்குப் போகிற கடிதங்களில் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வரும்: "எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கான் கட்டித் தாருங்கள்." கேட்பவர்கள் மேல் பிழை இல்லை. வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது வேறு என்ன தோன்றும்? ஆனால் கான் கட்டுவது இந்த வேலையில் எட்டாவது படி. அதற்கு முன்னால் உள்ள ஏழையும் விட்டுவிட்டுக் கொங்கிறீட்டில் தொடங்கிய ஒழுங்கைகளில், வெள்ளம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாறியதைத்தான் கண்டிருக்கிறேன்.

நாங்கள் முதலில் கை வைத்த ஒழுங்கையிலும் அதுதான் நடந்தது. மேல் முனையில் தொடங்கி அழகாகக் கட்டிக்கொண்டு வந்தோம். கீழ் முனையில் தண்ணீர் போக வழி இல்லை. அந்தக் கார்த்திகையில் கடைசி வீட்டு ஆச்சியின் குசினிக்குள் இடுப்பளவு தண்ணீர். அதற்கு முந்திய வருடம் அவர் வீட்டில் கணுக்கால் அளவுதான் நின்றது. அந்தப் பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நகர எல்லைக்குள்ளும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் இருபது முப்பது வீடுகள் உள்ள ஓர் ஒழுங்கையை மனதில் வைத்து எழுதியது இது. பெரிய வடிகால் திட்டத்துக்கு இது போதாது. ஆனால் ஒரு நகரம் தன் தண்ணீரை ஒழுங்கைகளில் இருந்துதான் கையாளத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முன்கூட்டியே வேண்டியவை

முதலில் குறைந்தது ஒரு முழு வருடம் வேண்டும்; ஆறாவது படியின் சோதனைக்கும் சபைக் காசுக்கும் காத்திருந்தால் இன்னும் ஒன்று ஆகும். நமக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும் வாடைக்காற்றோடு வரும், நவம்பரும் டிசம்பரும் உச்சம். ஆகவே பார்ப்பதும் அளப்பதும் மாரியில், கணக்கும் கடிதமும் மாசி பங்குனியில், கட்டுவது கச்சான் காற்று வீசுகிற ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. செப்டெம்பர் கடைசிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஒக்டோபரில் வெட்டிய குழி, வேலை முடியுமுன் குளமாகிவிடும்.

ஆட்களில் மூன்று பேர் போதும், ஆனால் மூன்று விதமானவர்கள் வேண்டும். ஒழுங்கையில் நெடுங்காலம் இருக்கிற ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை, பகலில் வீட்டில் இருக்கிற ஒருவர். பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆள் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். மழை பெய்யும்போது தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஆண்கள் மட்டும் கூடிய கூட்டங்களில் வேலியின் பின்பக்கம் நடப்பதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

பொருட்கள்: 15 மீற்றர் தெளிவான பிளாஸ்ரிக் குழாய், அளவு நாடா, மரக்கட்டைகள், கொஞ்சம் எனாமல் பெயின்ற், ஒரு கொப்பி, மண்வெட்டி, அலவாங்கு. இவ்வளவும் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஒரே நாளில் வாங்கிவிடலாம்.

1. மழைக்குள் நடந்து பாருங்கள்

கோடையில் ஒழுங்கையைப் பார்த்துவிட்டு "இதுதான் பள்ளம்" என்று காட்டுபவர் பெரும்பாலும் பிழையாகக் காட்டுவார். கண் ஏமாற்றும். மதில், தார், மணல் எல்லாம் சேர்ந்து மேட்டைப் பள்ளமாகக் காட்டும். தண்ணீர் மட்டும் பொய் சொல்லாது.

நல்ல மழை ஒன்று பெய்யும்போதே குடையோடு இறங்கி நடவுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே திரும்புகிறது, எந்த வளவுக்குள் புகுகிறது என்று கொப்பியில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மழை விட்டதும் ஒவ்வொரு மதிலிலும் தண்ணீர் நின்ற உயரத்தில் பெயின்றால் சிறு கோடு ஒன்று கீறித் திகதியையும் எழுதுங்கள். சோக் கட்டி வேண்டாம், அடுத்த மழையில் அழிந்துவிடும்.

உயரத்தை மட்டும் குறித்தால் போதாது. தண்ணீர் எத்தனை மணிக்கு வடிந்தது என்பதையும் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தில் வடிகிற இடமும் இரண்டு நாள் நிற்கிற இடமும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து. முதலாவதற்கு வழி சிறியது, இரண்டாவதற்கு வழியே இல்லை.

மழையை அளக்க நேரான சுவர் உள்ள ஒரு தகர டப்பா போதும். கூரைக்கும் மரத்துக்கும் எட்டத்தில் வெட்டவெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் ஆழத்தை அளந்தால் அதுவே மில்லிமீற்றர். போத்தலைப் போல வாய் ஒடுங்கிய பாத்திரம் வேண்டாம், அளவு பிழைக்கும்.

குறைந்தது மூன்று மழைகளைப் பாருங்கள். ஒரே மழையை வைத்து முடிவெடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற பிழை. ஒக்டோபரில் காய்ந்த மண் குடித்துவிடுகிற தண்ணீரை, ஊறிப்போன டிசம்பர் மண் குடிக்காது.

2. தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை உறுதி செய்யுங்கள்

நான் எல்லாருக்கும் சொல்கிற முதல் விதி: கீழிருந்து மேலே யோசியுங்கள். உங்கள் ஒழுங்கையின் தண்ணீர் எந்தப் பெரிய கானில் விழுகிறது, அது எந்த மதகால் போகிறது, கடைசியில் உள்துறைமுகத்திலா, டச்சுக் குடாவிலா, பின்குடாவிலா கடலைத் தொடுகிறது? கடைசி வரை நடந்து போய்க் கண்ணால் காணுங்கள்.

நம்முடைய நகரத்தைச் சுற்றிக் கடல் இருக்கிறது, ஆகவே தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனால் கான் வாய் கடல்மட்டத்தோடு ஒட்டியிருந்தால் அந்தச் சிறு ஏற்றமே கானை நிறுத்தப் போதும். அலை தள்ளும் மணலும் வாயை மூடிவிடும். புயல் வரும்போது கடலே கொஞ்சம் ஏறி நிற்கும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2025 நவம்பரில் டித்வா நாடு முழுவதையும் புரட்டிப் போட்டது. அப்படியான இரவுகளில் கான் கடலில் விழும் வெளிவாய் எப்படி இருக்கும் என்று எண்ணித்தான் திட்டம் போட வேண்டும்.

வெளிவாயைப் பார்த்ததும் மூன்றில் ஒன்றுதான் விடையாக வரும். திறந்திருக்கிறது, ஓட்டம் இருக்கிறது: அடுத்த படிக்குப் போகலாம். தூர்ந்து கிடக்கிறது: அதைத் துப்புரவாக்குவதுதான் உங்கள் முதல் வேலை, கான் அல்ல. வெளிவாயே இல்லை, யாரோ வளவு நிரப்பி மூடிவிட்டார்கள்: அப்படியானால் கானுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு சதமும் வீண். முழுத் தண்ணீரையும் நிலத்துக்குள் இறக்குகிற ஐந்தாவது படிதான் உங்கள் முழுத் திட்டமும்.

அடுத்தது, யாருடைய நிலம் என்பது. கண்டி வீதி ஏ6, அநுராதபுரம் பக்கம் போகிற ஏ12, மட்டக்களப்பு வீதி ஏ15, இவை வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. இடைப்பட்ட வீதிகள் பல மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. கடற்கரையில் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் ஏதும் கட்டுவதானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். ஒரு கான் இந்த நான்கு பேருடைய நிலத்தையும் கடக்கலாம். பிழையான கந்தோரில் கொடுத்த கடிதம் ஆறு மாதத்துக்குப் பிறகு "இது எமக்குரியதல்ல" என்று திரும்பி வரும். அதற்குள் ஒரு கோடை போய்விடும்.

3. மட்டம் எடுங்கள்

இதற்கு இயந்திரம் வேண்டாம். தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்திலும் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். மேசன்மார் அத்திவாரத்துக்குப் பாவிப்பதும் இதுதான்.

கீழ் முனையில் ஒரு கட்டை அடித்து அதைத் தொடக்கமாக வையுங்கள். பத்து மீற்றருக்கு ஒரு கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் தண்ணீர் மட்டத்தைக் கீறி, அந்தக் கீறலிலிருந்து நிலம் எவ்வளவு கீழே என்று அளந்து எழுதுங்கள். ஒழுங்கையின் ஏற்ற இறக்கம் முழுவதும் கொப்பியில் வந்துவிடும்.

இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் சென்ரிமீற்றர் கணக்கில் பிழைக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குமிழைத் தட்டி வெளியேற்றுங்கள். மற்றது, வீட்டு வாசல்படியை வைத்து அளப்பது. வாசல்களை ஒவ்வொருவரும் தம் வசதிக்கு உயர்த்தியிருப்பார்கள். ஒழுங்கையின் நடு மண்ணைத்தான் அளக்க வேண்டும். வீட்டுத் தரை மட்டத்தைத் தனி நிரலில் எழுதிக்கொள்ளுங்கள், எட்டாவது படியில் அது தேவைப்படும்.

ஒரு கான் தன் மண்ணைத் தானே தள்ளிக்கொண்டு ஓட 200 க்கு 1 என்ற சாய்வை நாங்கள் இலக்காக வைக்கிறோம். 120 மீற்றர் ஒழுங்கைக்கு அது 60 சென்ரிமீற்றர் இறக்கம். உங்கள் கொப்பியில் 40 தான் இருக்கிறது என்றால் அதிர்ச்சியடைய வேண்டாம், கடற்கரைப் பக்கம் பல இடங்களில் அப்படித்தான். ஆனால் அந்தக் கானில் மணல் படியும், வருடத்துக்கு மூன்று தடவை வார வேண்டும் என்று இப்போதே ஒழுங்கையாருக்குச் சொல்லிவிடுங்கள்.

4. எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பாருங்கள்

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். இந்த ஒரு கணக்கு போதும்.

22 வீடுகள், ஒவ்வொரு கூரையும் 90 சதுர மீற்றர் என்று வையுங்கள். மொத்தம் 1,980 சதுர மீற்றர். ஒழுங்கை 120 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், அதாவது 480 சதுர மீற்றர். ஒரு மாலையில் 60 மில்லிமீற்றர் பெய்தால் ஒழுங்கையில் விழுவது 28,800 லீற்றர். கூரைகளில் விழுவது 118,800 லீற்றர்.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஒழுங்கை வெள்ளம் என்று நாம் சொல்வது உண்மையில் நம்முடைய கூரைகளின் தண்ணீர், தெருவின் பங்கைப் போல நான்கு மடங்கு. "சபை செய்யட்டும்" என்று உட்கார்ந்திருந்த ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்ப என்ர வீட்டில இருந்தே 5,400 லீற்றரோ?" என்று கேட்டார். ஆமாம், அவ்வளவும். அன்றைக்குத்தான் அந்தக் கூட்டம் உண்மையில் தொடங்கியது.

வளவுக்குள் விழும் மழையை இங்கே சேர்க்கவில்லை. மண் வளவு தன் பங்கைக் குடித்துவிடும். முழு வளவுக்கும் சீமெந்தோ இன்ரலொக் கல்லோ போட்டிருந்தால் அந்தப் பரப்பையும் கூரையோடு கூட்டுங்கள்.

5. தண்ணீரை வளவுக்குள்ளேயே இறக்குங்கள்

வளவுக்குள் ஒரு மழைக்குழி வெட்டிக் கூரைத் தண்ணீரை அதன் வழியே மண்ணுக்குள் இறக்குவதுதான் இந்தப் படி. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் கான் சிறிதாகும், கிணறும் தப்பும்.

கிணறு ஏன் என்றால், கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மோட்டர் போட்டு மேல் மட்டத்தைப் பத்து சென்ரிமீற்றர் இறக்கினால், காலப்போக்கில் கீழே உப்பு நான்கு மீற்றர் ஏறும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது என்பதற்காகக் கிணறுகளைக் கைவிட்டுவிட முடியாது. குழாய் நிற்கிற நாளில் கிணறுதான் கை கொடுக்கும்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் அதே ஆழத்துக்கு ஒரு குழி. ஒருமுறை நிரப்பி ஊறவிட்டு, மறுபடி 15 சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டு மணி பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் முழுதும் இறங்கினால் நல்ல இடம். மூன்று மணித்தியாலமாகியும் நின்றால் அங்கே குழி வேண்டாம். ஊறவிடாமல் சோதிப்பவர்களுக்கு எல்லா மண்ணும் நல்ல மண்ணாகத் தெரியும், அப்புறம் மாரியில் ஏமாறுவார்கள்.

ஓர்ஸ்ஹில் போலக் கல் மேல் இருக்கும் இடங்களில் இந்தக் குழி சரிவராது. அங்கே தாங்கிதான். ஆனால் 90 சதுர மீற்றர் கூரைக்கு 1,000 லீற்றர் தாங்கி 11 மில்லிமீற்றர் மழையிலேயே நிரம்பிவிடும். மீதி எங்கே போகும் என்று முதலே முடிவு செய்யுங்கள்.

நிலாவெளி மணலில் பிரச்சினை நேர்மாறு. தண்ணீர் இறங்குவது வேகம், ஆனால் டிசம்பரில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும். ஓகஸ்டில் ஆறடி வெட்டிவிட்டு நல்ல குழி என்று சந்தோசப்படுவார்கள், மாரியில் அது ஏற்கெனவே நிரம்பிய கிணறு. ஆகவே கிணற்று மட்டத்தை டிசம்பரில் பாருங்கள். குழியின் அடி அந்த மட்டத்துக்குக் குறைந்தது இரண்டு அடி மேலே இருக்க வேண்டும். ஆழம் கிடைக்காவிட்டால் அகலமாக, வாய்க்கால் போல நீட்டி வெட்டுங்கள்.

குழியைக் கட்டும் முறை இது. கூரைப் பீலியிலிருந்து வரும் குழாயை நேரே குழிக்குள் விட வேண்டாம். முதல் மழையில் காக எச்சம், சருகு, தூசி எல்லாம் வரும். முதல் ஒரு மில்லிமீற்றர், அதாவது 90 லீற்றர் அளவு, ஒரு பரலுக்குள் போய் நிரம்பிய பிறகுதான் குழிக்குள் திரும்ப வேண்டும். பரலின் அடியில் ஒரு சிறு துவாரம் விட்டால் அது தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். பரலுக்கு இறுக்கமான மூடி வேண்டும்.

குழிக்குள் கல் நிரப்புவதா, கொங்கிறீட் வளையம் இறக்குவதா? ஒன்றரை மீற்றர் சதுரம், ஒரு மீற்றர் ஆழக் குழிக்கு 2,250 லீற்றர் கொள்ளளவு. அதைக் கல்லால் நிரப்பினால் இடைவெளியில் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 900 லீற்றர்தான் மிஞ்சும். நிரப்பாத அளவை வைத்துக் கணக்குப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். கையில் கொஞ்சம் காசு இருந்தால் துவாரம் விட்ட வளையம் இறக்கி மூடி போடுங்கள். தூர் வாரவும் அதுதான் வசதி. அடியில் சீமெந்து பூச வேண்டாம். இதை எழுத வேண்டியிருப்பது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் பழக்கத்தில் பூசிவிட்ட குழிகளை உடைத்திருக்கிறோம்.

மலக்குழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்பது பொதுவான விதி. மழைக்குழி மலக்குழியின் பக்கத்தில் வந்தால், இறங்கும் தண்ணீர் அந்த அழுக்கையும் தள்ளிக்கொண்டு கிணற்றுக்குப் போகும். எங்கள் பக்கத்துச் சின்ன வளவுகளில் இந்த இடைவெளி கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் அந்த வளவில் குழி வெட்ட வேண்டாம். எத்தனை வீடு ஒத்துழைத்தது என்று எண்ணிக்கை காட்டுவதற்காக ஒரு கிணற்றைக் கெடுக்கக்கூடாது. கூரைத் தண்ணீரை வடிகட்டாமல் நேரே கிணற்றுக்குள் விடுவதும் இதே தவறுதான்.

கடைசியாக நுளம்பு. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் ஞாபகம். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே குழி இரண்டு நாளில் காய வேண்டும், மூடி இறுக வேண்டும், வெளிக்குழாய் வாயில் நுண்வலை வேண்டும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து அடைக்கச் சொல்லும் முன் நீங்களே அவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் எங்கள் ஒழுங்கையில் சொன்ன ஒரு யோசனையால்தான் மூடிக்கு ரப்பர் விளிம்பு வைத்தோம்.

6. ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள்

எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். அதிகம் தண்ணீர் நிற்கும் மூலையில் மூன்று வீட்டுக் குழிகளும் பத்து மீற்றர் கானும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள். சித்திரையில் வருகிற இடிமழையும் ஒரு சோதனைதான்.

புதுமை என்பது கண்காட்சியில் வைக்கிற பொருள் என்று பலருக்கு எண்ணம். எங்கள் ஒழுங்கையில் எனக்குத் தெரிந்த சிறந்த புதுமையைச் செய்தவர் ஒரு மேசன். கானை மூடுகிற கொங்கிறீட் பலகைகளை வழக்கம் போல 120 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வார்த்தால், 45 அகலம், 7.5 தடிப்பில் ஒன்று 97 கிலோ வரும். இரண்டு பெண்களால் தூக்க முடியாது, ஆகவே ஒருவரும் திறப்பதில்லை, ஆகவே கான் அடைபடுகிறது. அவர் நீளத்தைப் பாதியாக்கினார், இரண்டு பக்கமும் கம்பி வளையம் வைத்தார். இப்போது 49 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு அக்காமார் தூக்கி வைத்துவிட்டு வாருகிறார்கள்.

இப்படியான யோசனை வர இடம் விட வேண்டும் என்றால் மூன்று காரியம். வேலை செய்பவரிடம் "எப்படிச் செய்தால் லேசு?" என்று கேளுங்கள், படத்தை மட்டும் நீட்ட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. சரிவராதவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல்களை அடுக்கி ஒரு வடிகட்டி செய்தோம், மூன்றாவது மழையில் சருகு அடைத்துவிட்டது. அதை எழுதி வைத்ததால் அடுத்த ஒழுங்கை அதே காசை இழக்கவில்லை.

கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் செயற்றிட்ட வேலை எப்போதும் தேவை. கிணறுகளின் உப்பு அளவை மாதாமாதம் அளந்து தர ஒருவர் கிடைத்தால் அது பெரிய சொத்து. அவர்களுக்கு முழு ஒழுங்கையையும் கொடுக்காமல், மூன்று கிணறு, ஆறு மாதம் என்று கேளுங்கள். சிறிதாகக் கேட்டால் செய்து முடிப்பார்கள்.

7. கடிதமும் காசும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ பதிவுடன் இருந்தால் அதன் பெயரில் எழுதுங்கள், தனி ஆள் கடிதம் பலம் குறைவு. சிறு வேலைகளைச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கும் முறையும் உண்டு. ஜி.எஸ். (கிராம சேவகர்) வழியாகப் பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி, சபைக்கு ஒன்று.

கடிதத்தோடு மதில் கோடுகளின் படம், மட்டக் கொப்பியின் பிரதி, கூரைக் கணக்கு, சோதனை மூலையின் பெறுபேறு, நான்கையும் இணையுங்கள். 2005 ஆம் ஆண்டுத் தேசிய மழைநீர் சேகரிப்புக் கொள்கையைக் குறிப்பிடுங்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஒரு கொள்கை. அடுத்த வருட வரவுசெலவில் சேர வேண்டும் என்றால் செப்டெம்பருக்கு முன் கொடுங்கள். டிசம்பர் வெள்ளத்தோடு கொண்டுபோகும் கடிதத்துக்கு அனுதாபம் கிடைக்கும், காசு ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கும்.

8. இப்போது கான்

கீழ் முனையில் தொடங்கி மேலே ஏறுங்கள். நடுவில் மழை வந்தாலும் கட்டிய பகுதி வேலை செய்யும், வேலை தடைப்பட்டாலும் யாருடைய குசினிக்குள்ளும் தண்ணீர் போகாது. அந்த ஆச்சியின் வீட்டுக்குப் பிறகு இந்த வரிசையை நாங்கள் ஒருநாளும் மாற்றவில்லை.

தோண்டுமுன் நீர் வழங்கல் சபையின் குழாய் எங்கே போகிறது என்று கேட்டுக் குறியுங்கள். உடைத்தால் அன்றைக்கே ஒழுங்கையின் ஆதரவு போய்விடும்.

கானின் அடி தட்டையாக வேண்டாம், நடுவில் குழிந்திருக்கட்டும். சிறு மழையின் கொஞ்சத் தண்ணீரும் ஒரே கோட்டில் ஓடி மணலைத் தள்ளிக்கொண்டு போகும். பெரிய கானோடு சேருமுன் ஒரு மணல் பொறி வையுங்கள், கானை விட ஓர் அடி ஆழமான சிறு பெட்டி. மணல் அங்கே தங்கும், வாளியால் அள்ளலாம்.

மணல் இருக்கும் பக்கங்களில் முழுவதும் கொங்கிறீட் போட அவசியமில்லை. அடியைத் திறந்து விட்டு இரு பக்கமும் கல் அடுக்கலாம், அகலம் இருந்தால் புல் வாய்க்காலே போதும். தண்ணீர் போகும் வழியிலேயே பாதி இறங்கிவிடும்.

கடற்கரை மணலைக் கொங்கிறீட்டுக்குப் பாவிக்க வேண்டாம். அதில் இருக்கும் உப்பு கம்பியைத் தின்னும், சில வருடத்தில் மூடி வெடிக்கும். வார்த்த பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரம் வேண்டும். கச்சான் காற்றில் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குக் காய்ந்துவிடும், ஆகவே ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வெடிப்பு விழுந்த கான்களில் இந்த ஒரு காரணத்தைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஒழுங்கைக்குக் கொங்கிறீட் வீதியும் சேர்ந்து வருவதானால் கவனம். பழைய வீதியின் மேலேயே ஆறு அங்குலம் போட்டுவிட்டுப் போவது ஒப்பந்தகாரருக்கு வசதி. மூன்றாவது படியில் எழுதிய வீட்டுத் தரை மட்டங்களை அப்போது எடுத்துக் காட்டுங்கள். எந்த வீட்டின் தரையை விடவும் வீதி உயரக்கூடாது. தேவையென்றால் பழையதைத் தோண்டிவிட்டுப் போடட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம், பிறகு ஒரு காலமும் திருத்த முடியாது.

மலக்குழி நிரம்பி வழிவதையும் குசினிக் கழிவையும் கானில் இணைக்க யாரையும் விடாதீர்கள். மழைக் கானில் ஒரு வீட்டுக் கழிவு சேர்ந்தால் நாற்றம் முழு ஒழுங்கைக்கும், அழுக்கு நேரே குடாவுக்கு. கட்டும்போதே ஒவ்வொரு வாசலிலும் நின்று பாருங்கள். பூசி மூடிய பிறகு கண்டுபிடிக்க முடியாது.

9. வாருவதற்கு ஒரு முறை

செப்டெம்பர் கடைசி வாரம் ஒரு சிரமதானம். மூடிகளைத் திறந்து, மணல் பொறியை அள்ளி, பீலிகளில் சருகு நீக்கி, பரல் துவாரத்தைக் குச்சியால் குத்தி விடுங்கள். ஒக்டோபரின் முதல் நல்ல மழைக்கு மறுநாள் இன்னொரு தடவை மணல் பொறியைப் பாருங்கள். கோடை முழுவதும் சேர்ந்த மண் அந்த ஒரே மழையில்தான் வரும். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

வீட்டுக்கு ஒரு மாதம் என்று முறை பிரித்து எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அள்ளிய மணலைக் கான் கரையிலேயே குவித்து வைக்க வேண்டாம், அடுத்த மழை திருப்பி உள்ளே கொண்டுபோகும். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தால் உடைந்த மூடிகளை வார்க்கச் சபையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மதில் கோடுகளை அழிக்க விடாதீர்கள். வீட்டுக்கு வெள்ளை அடிப்பவர்கள் அதன் மேலேயும் அடித்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்த மாரியில் புதுத் தண்ணீர் மட்டத்தை வேறு நிறத்தில் பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே கீறுங்கள், அன்றைய மழை அளவையும் கொப்பியில் சேருங்கள். மழை குறைந்ததால் வெள்ளம் குறைந்ததா, வேலையால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்த இரண்டும் வேண்டும். ஆச்சியின் குசினிச் சுவரில் இப்போது மூன்று கோடுகள் இருக்கின்றன. மிகக் கீழே உள்ள நீலக் கோடு, வாசல்படிக்கும் கீழே.

பக்கத்து ஒழுங்கையார் வந்து கேட்டால் கொப்பியின் பிரதியையும் 15 மீற்றர் குழாயையும் கொடுங்கள். ஜனவரிக்குள் கொடுத்தால்தான் அவர்களுக்கும் ஒரு மாரியின் கடைசி மழைகளாவது கிடைக்கும்.